முகத்தில் நிலைக்கும் செம்மை: ரோசேசியா நோயின் காரணங்களும் தூண்டுதல்களும்

நாணத்தாலோ சினத்தாலோ முகம் சிவப்பது யாவர்க்கும் இயல்பு. வெயிலில் நடந்து வந்தவரின் முகமும், அடுப்பருகில் நின்றவரின் முகமும் சிறிது நேரம் கன்றிச் சிவந்து, பின்னர்ப் பழைய நிலையை அடைகின்றன. உடலின் உஷ்ணத்தை வெளியேற்றும் பொருட்டுத் தோலின் கீழுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவதே இதற்குக் காரணம். வேலை முடிந்ததும் அவை சுருங்கிவிடுகின்றன. ஆனால் சிலருக்கு இச்செம்மை எளிதில் தணிவதில்லை. நாளடைவில் அது கன்னங்களிலும் மூக்கிலும் நிலையாகத் தங்கிவிடுகின்றது. இந்நிலையை மருத்துவ நூல்கள் ரோசேசியா என்று குறிப்பிடுகின்றன.

இந்நோய் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமன்று. ஆயினும் முகத்தில் தோன்றுவதால் நோயுற்றவரின் மனத்தைப் பெரிதும் வருத்துகின்றது. நம் நாட்டில் இதனைப் பற்றி அறிந்துகொள்ள வேறொரு முக்கியமான காரணமும் உண்டு. இயற்கையில் தோன்றும் ரோசேசியாவோடு, தகாத களிம்புகளைப் பூசுவதால் மனிதர் தாமே வருவித்துக்கொள்ளும் ரோசேசியாவும் இங்கு மிகுதியாகக் காணப்படுகின்றது. முன்னதை நன்கு உணர்ந்தாலன்றிப் பின்னதன் தீமை விளங்காது. ஆகவே இரண்டையும் முறையே ஆராய்வோம்.

நோயின் இயல்பு

ரோசேசியா பெரும்பாலும் 30 வயதுக்கு மேற்பட்டோரிடம் தோன்றுகின்றது. முகத்தின் நடுப்பகுதியாகிய நெற்றி, மூக்கு, கன்னம், மோவாய் ஆகியவையே இதன் உறைவிடம். முதலில் அடிக்கடி முகம் சிவந்து காந்தும். பின்னர்ச் செம்மை நிலைபெறும். நூலிழை போன்ற இரத்தக் குழாய்கள் தோலின் மேல் தெரியும். சிறு பருக்களும் சீழ்க் கொப்புளங்களும் எழும். இப்பருக்கள் இளமைப் பருக்களினின்றும் வேறானவை. இளமைப் பருக்களில் காணும் கருமுனைகள் இவற்றில் இரா. சிலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, மூக்கின் தோல் தடித்து முண்டும் முடிச்சுமாக வளர்வதுண்டு. கண்ணும் பாதிக்கப்படலாம்: இமையோரம் வீங்குதல், மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், நீர் வடிதல் ஆகியவை அதன் குறிகள்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் தாமஸ் பேட்மன் இதனை முகப்பருவின் ஒரு வகையாகக் கருதி விவரித்தார். 2002-ஆம் ஆண்டில் அமெரிக்க வல்லுநர் குழுவொன்று நோயை நான்கு வகைகளாகப் பிரித்தது. ஒரே நோயாளியிடம் பல வகைகளின் குறிகள் கலந்து காணப்பட்டமையால், 2017-இல் அப்பாகுபாடு திருத்தப்பட்டது. ஒவ்வொருவரிடமும் எந்தெந்தக் குறிகள் உள்ளன என்று கணக்கிட்டு, அவற்றிற்கேற்ப மருத்துவம் செய்வதே இன்றைய முறை.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான மதிப்பீட்டின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 100-க்கு 5 பேருக்கு இந்நோய் உண்டு. வெண்ணிறத் தோலுடையோரின் நோய் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. கரிய, மாநிறத் தோலில் செம்மை எளிதில் புலப்படாமையே இவ்வெண்ணத்திற்கு ஒரு காரணம். நம்மவரின் முகத்தில் அது செம்மையாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ மங்கிய பழுப்பாகவோ தோன்றலாம். காந்தல், எரிச்சல், தொட்டால் சுடுதல், மீண்டும் மீண்டும் எழும் பருக்கள், கண் உறுத்தல் ஆகியவற்றையே நாம் முதன்மையான குறிகளாகக் கொள்ளவேண்டும்.

காரணம் வேறு, தூண்டுதல் வேறு

உலர்ந்த வைக்கோற் போரில் ஒரு தீப்பொறி விழுந்தால் அது பற்றி எரிகின்றது. அதே பொறி ஈர மண்ணில் விழுந்தால் அணைந்துபோகின்றது. வைக்கோல் உலர்ந்திருப்பது காரணம், பொறி தூண்டுதல். ரோசேசியாவிலும் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். வெயிலும் மிளகாயும் எல்லார்க்கும் பொதுவானவை. எல்லார்க்கும் நோய் வருவதில்லை. ஆகவே அவை பொறிகளே. தோலின் உள்ளமைப்பில் உள்ள சில குறைபாடுகளே வைக்கோலுக்கு ஒப்பானவை. இவற்றுள் நான்கினை விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

முதலாவது, பரம்பரை. ஒரே கருவில் தோன்றிய இரட்டையரையும் இரு கருக்களில் தோன்றிய இரட்டையரையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி, நோயின் ஏறத்தாழச் சரிபாதி பரம்பரையாலும் எஞ்சிய பாதி சூழ்நிலையாலும் அமைகின்றது என்று காட்டியது.

இரண்டாவது, தோலின் பாதுகாப்புப் படையின் மிகையான எழுச்சி. கிருமிகளை எதிர்ப்பதற்காகத் தோல் கேத்தலிசிடின் என்ற புரதத்தை உற்பத்தி செய்கின்றது. ஒரு நொதி அதனைத் தக்க அளவில் துண்டாக்கி ஆயுதமாக்குகின்றது. ரோசேசியா உள்ளவரின் தோலில் இப்புரதமும் அந்நொதியும் அளவுக்கு மிஞ்சியிருப்பதையும், துண்டுகள் இயல்புக்கு மாறாக இருப்பதையும் கலிபோர்னியாவில் ரிச்சர்டு காலோ குழுவினர் 2007-இல் கண்டறிந்தனர். அத்துண்டுகளை எலிகளின் தோலில் செலுத்தியபோது அங்கே அழற்சி உண்டாயிற்று. பகைவன் வராதபோதே காவற்படை ஊரைக் கொளுத்துவது போன்ற நிலை இது.

மூன்றாவது, டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய சிற்றுண்ணி. கண்ணுக்குப் புலப்படாத இவ்வுயிர் மயிர்க்கால்களுக்குள் வாழ்வது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மன் அறிஞர்கள் இதனை முதலில் விவரித்தனர். வயது வந்தோர் பெரும்பாலோரின் முகத்தில் தீங்கின்றி இருப்பினும், ரோசேசியா நோயாளரிடம் இதன் எண்ணிக்கை பன்மடங்கு மிகுந்து காணப்படுகின்றது. இது நோயின் காரணமோ விளைவோ என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. உண்ணியைக் கொல்லும் ஐவர்மெக்டின் களிம்பு பருக்களைத் தணிப்பதால் இதற்கு நோயில் பங்குண்டு என்ற கருத்து வலுப்பெற்றது. அக்களிம்பை அமெரிக்க அரசு 2014-இல் ரோசேசியாவுக்கு அங்கீகரித்தது.

நான்காவது, நரம்புகளும் இரத்தக் குழாய்களும் எளிதில் கிளர்ச்சியுறுதல். நரம்பு முனைகளில் உஷ்ணத்தை உணரும் சிறு வாயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் திறக்கின்றது. மிளகாயின் காரப் பொருளும் அதே வாயிலைத் திறக்கின்றது என்பதை 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் நிறுவினர். இத்துறையின் ஆராய்ச்சிக்காக அவருக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிளகாயைக் கடித்தவர் ‘சுடுகிறது’ என்று உணர்வது இதனாலேயே. ரோசேசியா உள்ளவரின் தோலில் இத்தகைய வாயில்கள் சிறு கிளர்ச்சிக்கும் திறந்துகொள்வதால், இரத்தக் குழாய்கள் விரைவில் விரிந்து முகம் காந்துகின்றது.

தூண்டுதல்கள்

அமெரிக்காவில் 1,066 நோயாளரிடம் எவை தம் நோயைத் தூண்டுகின்றன என்று கேட்டறிந்தனர். வெயில் என்றோர் 100-க்கு 81 பேர். மனக் கவலை என்றோர் 79 பேர். வெப்பமான பருவநிலை என்றோர் 75 பேர். காற்று 57, கடும் உடலுழைப்பு 56, மதுபானம் 52, வெந்நீர்க் குளியல் 51, கார உணவு 45. இக்கணக்கு அந்நாட்டு நோயாளர் தாமே கூறியது. நம் உணவும் தொழிலும் வேறாகையால் இதனை அப்படியே ஏற்கவேண்டுவதில்லை. ஆயினும் உஷ்ணமும் ஒளியும் முதலிடம் பெறுதல் இங்கும் கருதத்தக்கது.

காவிரியோடு பாலாறு கலக்குமிடத்திலுள்ள பாலாறு என்னும் சிற்றூரை உதாரணமாகக் கொள்வோம். மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்துக் கர்நாடகத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. முன்னர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் அடங்கும். இத்தகைய ஊர்களில் ஆற்றில் வலை வீசுவோரின் முகத்தை மேலிருந்து வெயிலும் கீழிருந்து நீரிற் பட்டுத் திரும்பும் ஒளியும் தாக்குகின்றன. விறகடுப்பின் முன் அமர்ந்து சமைக்கும் பெண்களின் முகத்தில் அனல் நேராகப் படுகின்றது. மலைப்பாதையில் நடப்போர்க்கு உழைப்பின் சூடும் வெயிலின் சூடும் சேர்கின்றன. தோலில் முன்னரே குறை உள்ளவர்க்கு இவை போதுமான பொறிகள்.

உணவைப் பற்றி இரு தவறான எண்ணங்கள் பரவியுள்ளன. அவற்றுள் ஒன்று காப்பியைப் பற்றியது. சூடான காப்பியையும், ஆறிய காப்பியையும், வெறும் வெந்நீரையும், காப்பியிலுள்ள காபீன் என்ற பொருளைத் தனியாகவும் கொடுத்து அமெரிக்க மருத்துவர் வில்கின் 1981-இல் சோதித்தார். சூடான காப்பியும் வெந்நீரும் முகத்தைச் சிவக்கச் செய்தன. ஆறிய காப்பியும் காபீனும் அவ்வாறு செய்யவில்லை. குற்றம் சூட்டினுடையது. மேலும் 82,737 செவிலியரின் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான கட்டுரையில், காப்பியை மிகுதியாக அருந்துவோரிடம் இந்நோய் சற்றுக் குறைவாகவே காணப்பட்டது. எனவே காப்பிப் பழக்கம் உள்ளவர் அதனைக் கைவிட வேண்டுவதில்லை. ஆற்றிக் குடித்தால் போதும்.

மற்றோர் எண்ணம் மதுவைப் பற்றியது. மது முகத்தைச் சிவக்கச் செய்யும் தூண்டுதல்களுள் ஒன்று என்பது உண்மை. ஆனால் மதுவைத் தொட்டறியாதவர்க்கும் ரோசேசியா வருகின்றது; அவர்களின் மூக்கும் தடிக்கக்கூடும். மூக்கின் செம்மையைக் கண்டு ஒருவரைக் குடியர் என்று முடிவு செய்வது விஞ்ஞானத்திற்கும் நியாயத்திற்கும் ஒவ்வாதது.

மருந்தே நோயாதல்

இனி, நம் நாட்டிற்குத் தனிப்பட்ட முக்கியத்துவமுடைய பகுதிக்கு வருவோம். சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பிகள் சுரக்கும் ஸ்டீராய்டுப் பொருள்களை ஆராய்ந்தமைக்காக கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1952-இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனை வெளிப்பூச்சாகப் பயன்படுத்தி வெற்றி கண்டனர். கரப்பான் முதலிய நோய்களில் வருந்தியோர்க்கு இது பெரும் வரப்பிரசாதமாயிற்று. பின்னர் அதனினும் பன்மடங்கு வலிமையுள்ள களிம்புகள் தோன்றின. மருத்துவர் தக்க நோய்க்கு, தக்க இடத்தில், குறித்த நாட்களுக்குக் கொடுக்கும்போது இவை இன்றும் சிறந்த மருந்துகளே.

ஆனால் முகத்தின் தோல் கையின் தோலைப் போன்றதன்று. 1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் என்போர் செய்த அளவீட்டின்படி, ஹைட்ரோகார்ட்டிசோனை முன்கையின் தோல் உறிஞ்சும் அளவை 1 எனக் கொண்டால், நெற்றி 6 பங்கும் தாடையோரம் 13 பங்கும் உறிஞ்சுகின்றன. கையில் மென்மையாக வேலை செய்யும் களிம்பு முகத்தில் வன்மருந்தாகிவிடும் என்பது இதனால் பெறப்படும். 1969-இல் ஆங்கில மருத்துவர் ஸ்னெடன், வலிமைமிக்க ஸ்டீராய்டுகள் ரோசேசியாவை மோசமாக்குவதை எடுத்துக்காட்டினார். 1974-இல் லெய்டன், தியூ, கிளிக்மன் ஆகியோர் இவற்றால் விளையும் நிலைக்கு ‘ஸ்டீராய்டு ரோசேசியா’ என்ற பெயரையே வழங்கினர்.

இது விளையும் முறை கவனிக்கத்தக்கது. களிம்பு பூசியவுடன் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழற்சி அடங்குகின்றது, முகம் வெளுத்து மழமழப்பாகின்றது. பூசுபவர் மகிழ்கின்றார். வாரங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிகின்றது. குழாய்களைத் தாங்கி நிற்கும் நார்ப்பொருள் தேய்வதால் அவை வெளியே தெரிகின்றன. பாதுகாப்புச் சக்தி அடக்கப்பட்டமையால் மேற்கூறிய சிற்றுண்ணிகள் தடையின்றிப் பெருகுகின்றன. இப்போது களிம்பை நிறுத்தினால், சுருங்கியிருந்த குழாய்கள் முன்னினும் அதிகமாக விரிகின்றன. முகம் நெருப்பாய்க் காந்திப் பருக்கள் எழுகின்றன. ‘களிம்பை விட்டதால்தான் நோய் வந்தது’ என்று எண்ணி நோயாளி மீண்டும் அதனையே நாடுகின்றார். நோயை உண்டாக்கிய பொருளே அதன் மருந்தாகத் தோன்றும் இச்சுழலினின்றும் வெளியேறுதல் எளிதன்று. மது முதலிய போதைப் பழக்கங்களோடு மருத்துவர் இதனை ஒப்பிடுவது பொருத்தமே.

இந்தியாவில் கண்ட உண்மைகள்

இந்நிலை நம் நாட்டில் எவ்வளவு பரவியுள்ளது என்பதை அபீர் சரஸ்வத், கௌஷிக் லாஹிரி முதலிய தோல் மருத்துவர்கள் 12 மையங்களில் ஆராய்ந்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். முகத் தோலில் நோயுற்று வந்த 2,926 பேரில் 433 பேர், அதாவது 100-க்கு ஏறத்தாழ 15 பேர், ஸ்டீராய்டுக் களிம்பு பூசுபவராக இருந்தனர். இவர்களுள் 126 பேர் அதனை நிறத்தை வெளுப்பாக்கும் பூச்சாகவோ, பொதுவான முகக் களிம்பாகவோ, சவரத்திற்குப் பின் தடவும் பொருளாகவோ உபயோகித்தனர். 104 பேர் முகப்பருவுக்காகப் பூசினர். 257 பேருக்கு அதனைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். மருத்துவர் எழுதிக்கொடுத்தவர்களிலும் பெரும்பாலோர், சீட்டின் காலம் கடந்த பின்னரும் தாமே மீண்டும் மீண்டும் வாங்கினர். பூசியவர்களில் 392 பேரிடம், அதாவது 100-க்கு 90 பேருக்கு மேல், தீய விளைவுகள் காணப்பட்டன. வலிமைமிக்க களிம்புகளைக் கிராமங்களிலும் நகர்ப்புறங்களை ஒட்டிய ஊர்களிலும் வாழ்வோரே மிகுதியாகப் பயன்படுத்தினர் என்பது இவ்வாராய்ச்சியின் கருதத்தக்க முடிவு.

இதன் காரணத்தை ஊகித்தல் அரிதன்று. தோல் மருத்துவரைக் காணப் பெரிய ஊருக்குச் செல்லவேண்டும். ஒரு நாட் கூலியும் பேருந்துக் கட்டணமும் செலவாகும். மருந்துக் கடையோ அருகில் உள்ளது; களிம்பின் விலையும் குறைவு. அண்டை வீட்டார் பூசி வெளுத்ததாகக் கூறிய சொல்லும், திருமணத்திற்கு முன் நிறம் தெளியவேண்டும் என்ற ஆவலும் அதனோடு சேர்கின்றன. தம் இயற்கை நிறத்தைக் குறையாகக் கருதும் மனப்பான்மையே இத்தீங்கின் வேர் என்று சொல்வது மிகையாகாது. இவ்வாறு பழுதுற்ற முகங்களைக் குறிக்க, ‘வெளிப்பூச்சு ஸ்டீராய்டினால் கெட்ட முகம்’ என்ற பொருளுடைய ஒரு தனிப் பெயரையே இந்திய மருத்துவர்கள் வழங்கியுள்ளனர்.

சட்டமும் இதில் நாளடைவில் திருத்தம் பெற்றது. மருந்துகள், அழகுப்பொருள்கள் பற்றிய 1945-ஆம் ஆண்டு விதிகளில், மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளை ‘எச்’ அட்டவணை குறிப்பிடுகின்றது. வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றிற்கு அதில் நெடுநாள் விலக்கு இருந்துவந்தது. தோல் மருத்துவர் சங்கத்தினரின் இடைவிடாத முயற்சிக்குப் பின், மத்திய அரசு 2018 மார்ச் மாதத்தில் அவ்விலக்கை நீக்கியது. ஆயினும் சட்டம் கடையின் வாயில் வரை மட்டுமே காவல் செய்யும். வீட்டு அலமாரியிலுள்ள பழைய குழாய்க் களிம்பை நோக்கி நீளும் கையைத் தடுப்பது அறிவு ஒன்றே.

செய்யத்தக்கவை

1. முகத்தில் பூசும் எந்தக் களிம்பிலும் அடங்கிய பொருள்களின் பெயர்களைப் படித்தல் வேண்டும். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மோமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன் ஆகியவை ஸ்டீராய்டுகள். படர்தாமரைக் களிம்புகளிலும், நிறம் வெளுப்பதற்கென விற்கும் கலவைகளிலும் இவை சேர்ந்திருப்பதுண்டு. படிக்க இயலாதோர் பள்ளி மாணவரையோ, கிராமச் சுகாதாரப் பணியாளரையோ கேட்டறியலாம். ‘பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின் மீதே விற்கத்தக்கது’ என்ற எச்சரிக்கை உள்ளதாவென்றும் பார்க்கவேண்டும்.

2. நெடுநாளாகப் பூசியவர், மருத்துவரின் யோசனையின்றித் திடீரென நிறுத்தலாகாது. முகம் முன்னினும் சிவக்கும் காலம் ஒன்று உண்டு என்பதையும், அது வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடித்துப் பின் தணியும் என்பதையும் முன்னரே அறிந்திருந்தால், மனம் தளர்ந்து பழைய களிம்பை மீண்டும் நாட நேராது.

3. இயற்கையான ரோசேசியா உள்ளவர் இரண்டு மூன்று வாரங்கள் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, முகம் காந்திய நேரத்தையும் அதற்கு முன் உண்டது, செய்தது, இருந்த இடம் ஆகியவற்றையும் எழுதிவருதல் நலம். ஒருவருக்குப் பகையானது மற்றொருவருக்குப் பகையாகாது. பட்டியலிலுள்ள எல்லாவற்றையும் விலக்கி வாழ்வைச் சுருக்கிக்கொள்ளத் தேவையில்லை.

4. வெயிலில் செல்வோர் குடையோ, அகன்ற விளிம்புள்ள தொப்பியோ, தலைத்துண்டோ பயன்படுத்துக. அடுப்பின் அனல் நேரே முகத்தில் படாதவாறு சற்று விலகி அமர்தலும், புகைபோக்கி அமைத்தலும் நன்று. முகத்தை மிதமான நீரில் கழுவுக; தேய்த்துக் கழுவுதலும், சாராயம் கலந்த சவரத் திரவங்களும், கற்பூரம், புதினா உப்பு முதலியவை சேர்ந்த பூச்சுகளும் தவிர்க்கத்தக்கவை.

5. முகத்தின் சிவப்பெல்லாம் ரோசேசியா ஆகாது. காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்த கன்னச் சிவப்பு லூபஸ் என்னும் நோயாக இருக்கலாம். உணர்ச்சியற்ற படை தொழுநோயின் குறியாகலாம். இவற்றை மருத்துவரே ஆராய்ந்து கூறவேண்டும். கண்ணில் வலியோ பார்வை மங்கலோ தோன்றினால் தாமதம் கூடாது.

மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகிய பூச்சு மருந்துகளும், டாக்சிசைக்ளின் என்ற உள்மருந்தும் இன்று வழக்கத்தில் உள்ளன. கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் டாக்சிசைக்ளின் கொடுப்பதில்லை. இம்மருந்துகள் நோயை அடக்கிவைக்கும். அடியோடு அகற்றுவதாக உறுதி கூற இயலாது. பொறுமையும் தொடர்ந்த கவனமும் தேவை.

முடிவுரை

பரம்பரையை நாம் மாற்ற இயலாது. மயிர்க்காலில் வாழும் உயிரை முற்றிலும் ஒழிக்க இயலாது. சூரியனை மறைக்கவும் இயலாது. ரோசேசியாவின் காரணங்களுள் பெரும்பாலானவை இவ்வாறு நம் ஆட்சிக்கு அப்பாற்பட்டவை. ஆனால் ஸ்டீராய்டுக் களிம்பினால் விளையும் ரோசேசியாவின் காரணம் ஒரு சிறு குழாயில் அடைபட்டு நம் கையிலேயே இருக்கின்றது. அதனைத் திறவாதிருத்தல் செலவற்ற மருத்துவம். வெளுப்பு அழகென்றும் கருமை குறையென்றும் கருதி மகளுக்குக் களிம்பு வாங்கும் பெற்றோர், அம்முகத்தின் இயற்கையான நலத்தையே விலையாகக் கொடுக்கின்றனர் என்பதை உணர்தல் வேண்டும். ஆசிரியரும், சுகாதாரப் பணியாளரும், மருந்துக் கடைக்காரரும் இவ்வுண்மையைத் தத்தம் ஊரில் எடுத்துரைப்பாராயின், இந்நோயின் ஒரு பெரும் பகுதி தோன்றாமலே தடுக்கப்படும்.